பக்கத்து இலை

இலைச்சாமி மடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

காரணம் உண்டு. அங்கே சாப்பிட்டவர் தன் இலையைத் தானே எடுக்கக் கூடாது. பரிமாறுகிறவர்களும் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தன் வலது கைப்பக்கம் இருப்பவரின் எச்சில் இலையை எடுத்துக் குழியில் போட வேண்டும். பந்தியின் கடைசி ஆள் நடந்து வந்து முதல் ஆளின் இலையை எடுப்பார். வந்த வரிசையில்தான் உட்கார வேண்டும், துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை கிடையாது. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பக்கத்து இலையை எடுக்கிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஏன் இந்த வழக்கம் என்று மடத்தை உண்டாக்கிய சாமியாரிடம் யாரோ கேட்டார்களாம். "எடுத்துப் பாரு" என்றாராம் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடத்தில் சிலையும் இல்லை. ஒரு விளக்கு, ஒரு அடுப்பு, நீளமாக ஒரு கூடம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மடத்துக்குத் தலைமையாக இருப்பவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். பந்தி எழுந்து, எல்லா இலையும் குழிக்குப் போய், தரை துடைத்த பிறகு.

இந்தக் கதை நடந்தபோது தலைமையாக இருந்தவர் உலகம்மாள். மடத்துக்கு வருவதற்கு முன் பீடி சுற்றிப் பிழைத்தவர். வாயைவிடக் கை வேகம். ஊரே அவரை அம்மா என்றது. அவரைவிடப் பத்து வயது மூத்த சிஷ்யர் ஆவுடையப்பனும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். அம்மா அவரை அண்ணாச்சி என்றார். குரு சிஷ்யனை அண்ணாச்சி என்று கூப்பிடுவது புராணத்தில் கிடையாது, எங்கள் ஜில்லாவில் உண்டு.

ஆவுடையப்பன் ஆயுள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். அம்மா அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். அன்றிலிருந்து பந்தி பரிமாறுவதும், வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பதும் அவர் பொறுப்பு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் எல்லாரையும் எங்காவது இடம் பார்த்துச் செருகிவிடுவார். அது பழைய தொழில் கொடுத்த வித்தை. அந்த வித்தையாலேயே அவர் ஒரு பெரிய தப்பும் செய்தார்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தலைவர் எங்கள் தொகுதியில் நின்றார்.

தலைவர் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் கதையை விட்டுவிட்டு நீங்களும் இரண்டு கட்சியாகி விடுவீர்கள்.

பாழாய்க் கிடந்த அம்மன் கோயில் தெப்பக்குளத்தைத் தூர் வாரி, நாலு பக்கமும் படி கட்டி, தண்ணீர் நிற்க வைத்தவர் அவர். அதற்கு முன் எத்தனையோ பேர் வாக்குக் கொடுத்தார்கள், ஒருவரும் ஒரு கல்லை நகர்த்தவில்லை. அதே தலைவர்தான் சந்தையில் மேடை போட்டு, வெளியூர்க்காரன் வந்து நம் பிழைப்பைப் பிடுங்குகிறான், அம்மனைக் கும்பிடுகிறவனுக்குச் சூடு சொரணை இருந்தால் காட்டட்டும் என்று பேசினார். கூட்டம் கலைந்த கையோடு சந்தையில் வெளியூர்க்காரர்களின் கடைகளும் கலைந்தன. பாய் விற்கிற நல்லதம்பிக்கு வலது கை முறிந்தது. அவரும் பெண்சாதியும் விடிவதற்குள் ஊரை விட்டுப் போனார்கள்.

மடத்துக்கு நாள் தவறாமல் வருகிறவர்களில் பேச்சிமுத்து ஒருவர், அரிசிக்கடை வைத்திருந்தார். இசக்கியப்பன் இன்னொருவர், சந்தையில் தையல்காரர். இரண்டு பேரும் சின்ன வயசுக் கூட்டாளிகள். நல்லதம்பி பாய் விரித்திருந்தது இசக்கியப்பனின் கடை வாசலில்தான். அடி விழுந்தபோது குறுக்கே போனதில் அவர் தையல் மிஷினும் சாக்கடைக்குப் போனது.

"தலைவர் அடிக்கச் சொல்லலையே" என்றார் பேச்சிமுத்து.

"அடிச்சவனை ஏன்னு கேக்கவும் இல்லையே" என்றார் இசக்கியப்பன்.

மடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வாக்கியத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் வந்த வரிசையில் பேச்சிமுத்துவின் வலது பக்கம் இசக்கியப்பன் உட்காரும்படி ஆயிற்று. சாப்பிட்டு முடித்தார்கள். பேச்சிமுத்து எழுந்தார், கையைக் கழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இசக்கியப்பனின் இலை தரையில் கிடந்தது. அதுவரை அந்த மடத்தில் ஒரு இலை அப்படிக் கிடந்ததில்லை.

கூடமே அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆவுடையப்பன் ஓடிப்போய் எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் போனார். அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சாமி கும்பிடுதவன் தலைவரை ஆதரிக்கலாமா, கூடாதா?"

"யாரு கேக்கா? நீங்களா, ஊரா?"

"ஊர்தாம்மா சண்டை போடுது. ஆனா எனக்கே தெரியல. பேச்சிமுத்து பேசினா அதும் சரியாத்தான் இருக்கு. கொளத்தைப் பாத்தா கண்ணு கலங்குது. இசக்கியப்பன் பேசினா நல்லதம்பி கை ஞாபகம் வருது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாரும் கேட்டுக்கிடுவாக."

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"நீங்க பந்தியில எங்க உக்காருவீய?"

"நானா? நான் பரிமாறுதவம்லா. அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிடுவேன்."

"பந்தியில உக்காந்ததே இல்லையா?"

"இல்லம்மா. வேலை இருக்கும்லா."

"ஒரு நாள் உக்காருங்க. பெறகு சொல்லுதேன்."

அவர் உட்காரவில்லை. மறுநாளும் வேலை இருந்தது. ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கு வேலைக்கு என்றைக்கும் பஞ்சம் வராது.

ஆனால் அவர் சும்மாவும் இருக்கவில்லை. தன் வித்தையைக் காட்டினார். பந்தியை இரண்டாக்கினார். முதல் பந்தி பேச்சிமுத்து வகையறாவுக்கு. அது எழுந்த பிறகு இரண்டாம் பந்தி இசக்கியப்பன் வகையறாவுக்கு. யாருடைய இலையை யார் எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஆவுடையப்பனுக்கு மனசு குளிர்ந்தது.

இரண்டாம் பந்தி எழுந்து, தரை துடைத்து, அவர் அம்மாவுக்கு இலை கொண்டு வந்தார்.

"பந்தி முடிஞ்சிட்டா?" என்றார் அம்மா.

"முடிஞ்சிட்டும்மா. ரெண்டும் முடிஞ்சிட்டு."

"ரெண்டு பாதி முடிஞ்சிருக்கு. பந்தி எப்ப?"

ஆவுடையப்பன் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா எழுந்து போய், முந்தின நாள் சோற்றில் ஊற்றி வைத்த நீத்தண்ணியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மறுநாளும் நீத்தண்ணிதான். அதற்கு மறுநாளும் அதுதான். அம்மாவின் கன்ன எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா, அம்மா? நீங்க சாப்பிடாம கெடக்கியன்னு தெரிஞ்சா ஓடி வந்து ஒண்ணா உக்காருவாக."

"சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"எனக்காகச் சேந்தா, நான் செத்தன்னைக்குப் பிரிஞ்சிருவாக."

இப்படி இருக்கும்போதுதான் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரிந்தது. தலைவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் மடத்தில் சாப்பிட விரும்புகிறார் என்றார். ஏழை எளியவர்களோடு ஒரே பந்தி. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இலை எடுக்கிற வழக்கத்தைப் பற்றித் தலைவர் கேள்விப்பட்டிருக்கிறார், அவரும் குனிந்து ஒரு இலை எடுப்பார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் ஆவுடையப்பன்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் கட்சிக்காரர். "தலைவருக்கு வலது பக்கம் ஒரு இலை மட்டும் ஆளில்லாம போட்டு வைங்க. சுத்தமா இருக்கட்டும். அவர் அதை எடுப்பார். படமும் வந்துரும், உங்க வழக்கமும் கெடாது."

ஆவுடையப்பன் யோசித்தார். பாம்பும் செத்தது, கம்பும் ஒடியவில்லை. பந்தியும் ஒன்றாகிறது. வேறென்ன வேண்டும்? சரி என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், சுத்தமான இலை உள்பட.

அம்மா ஒன்றை மட்டும் கேட்டார்.

"வந்த வரிசையிலதானே உக்காருவாக?"

"ஆமாம்மா."

"அப்ப வரட்டும். பசிச்சு வாரவுகளை வேண்டாங்க நாம யாரு?"

சேதி தெரிந்து பேச்சிமுத்து பறந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, தலைவருக்குப் பரிவட்டம் கட்டணும். பூரண கும்பம் வைக்கணும்."

"சாப்பிடத்தானே வாராக?"

"ஆமா."

"அப்ப கை கழுவத் தண்ணி குடுப்போம்."

"கொளத்துக்குப் படி கட்டுனவரும்மா. அம்மனே அனுப்பின ஆளு."

"அம்மனே வந்தாலும் இங்க தண்ணிதான், பேச்சிமுத்து. விளக்குக்கே நாம மாலை போடுததில்ல."

பேச்சிமுத்துவின் முகம் சுருங்கியது. "உங்களுக்கு அவரைப் பிடிக்கல. அதான்."

"பிடிக்கல" என்றார் அம்மா. "என் ஓட்டு அவருக்கு இல்ல. அது என் ஓட்டு. மடத்துக்கு ஓட்டு கெடையாது, சோறுதான் உண்டு. அது அவருக்கும் உண்டு."

பேச்சிமுத்து எதிர்பார்த்தது இதில் பாதியைத்தான். துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். மாலையை மட்டும் தன் செலவில் வாங்கி மடத்து வாசலுக்கு வெளியே நின்று போடுவது என்று முடிவு செய்துகொண்டார். வெளியே நின்று போடுவதை யாரும் தடுக்கவில்லை.

இசக்கியப்பன் மடத்துப் பக்கமே வரவில்லை. அம்மா சந்தைக்குப் போய் அவர் கடை முன்னால் நின்றார்.

"அவரு உக்காருத பந்தியில நான் உக்கார மாட்டேம்மா."

"சரி."

கெஞ்சுவார் என்று நினைத்திருந்த இசக்கியப்பனுக்குச் சப்பென்று போயிற்று.

"என்ன சரின்னுட்டிய?"

"இஷ்டமில்லன்னா வர வேண்டாம். ஆனா நேத்து வரைக்கும் அது உங்க எடம். அதை எதுக்கு அவருக்கு விட்டுக் குடுக்கிய?"

சாக்கடையிலிருந்து எடுத்துச் சரி செய்து வைத்திருந்த மிஷினின் சக்கரத்தை இசக்கியப்பன் சும்மா சுற்றினார். "அவரு பக்கத்துல உக்காந்து தின்னுட்டு, நல்லதம்பி மொகத்துல எப்படி முழிக்க?"

"நல்லதம்பிட்ட கேட்டுப் பாருங்களேன்."

வாரம் தவறாமல் நல்லதம்பியைப் பார்க்கப் போகிறவர் இசக்கியப்பன் ஒருவர்தான். அந்த வாரம் போனபோது கேட்டாரா, கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் நிறைய ஒரே நீளமாக இலை போட்டிருந்தது. முதல் பந்திக்காரர்களும் இரண்டாம் பந்திக்காரர்களும் கலந்து வந்தார்கள், கலந்து உட்கார்ந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. வேட்டி உரசாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

தலைவரின் கார் வருகிற சத்தம் கேட்டபோது இசக்கியப்பன் உள்ளே நுழைந்தார். கடைசியாகப் போய் வாசல்படியில் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறார். அடுப்படியிலிருந்து புளிக்கறி வாசனை வந்தது. மற்றவர்கள் நகர்ந்து இடம் காட்டினார்கள். உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு அடுத்து நுழைந்தவர் தலைவர். வந்த வரிசைப்படி இசக்கியப்பனின் வலது பக்கம் அவர் உட்கார்ந்தார். அவருக்கு வலது பக்கம் ஆளில்லாத அந்த இலை. தலைவரின் இலையை எடுக்கும் பாக்கியம் தனக்குத்தான் என்று வாரம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சிமுத்து, வாசலில் மாலையோடு நின்றதால் தலைவருக்குப் பின்னால் வந்தார். வெற்று இலைக்கு அந்தப் பக்கம்தான் அவருக்கு இடம் கிடைத்தது. தலைவரின் இடது பக்கம் யார் இருக்கிறார் என்று பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

தலைவர் நல்ல மனுஷராகத்தான் நடந்துகொண்டார். எல்லாருக்கும் கும்பிடு போட்டார். முழங்கால் வலி போலிருக்கிறது, மெதுவாகச் சம்மணம் போட்டார். இசக்கியப்பனைப் பார்த்து, "சௌக்கியமா?" என்றார். இசக்கியப்பன், "இருக்கேன்" என்றார்.

ஆவுடையப்பன் சோற்று வாளியோடு வரிசையாக வந்தார். இசக்கியப்பனுக்குப் போட்டார். தலைவருக்குப் போட்டார். வெற்று இலையைத் தாண்டிப் பேச்சிமுத்துவுக்குப் போடக் குனிந்தார்.

"அண்ணாச்சி."

கை கழுவும் தண்ணீர் அண்டாவின் பக்கம் நின்ற அம்மாதான் கூப்பிட்டார்.

"அந்த எலையில சோறு விழலையே."

"அது... இருக்கட்டும்மா."

"எலை போட்டா சோறு போடணும். சோறு போட்டா ஆள் உக்காரணும். அங்க ஒரு ஆள் குறையுது. நீங்க உக்காருங்க."

ஆவுடையப்பன் கட்சிக்காரரைப் பார்த்தார். கட்சிக்காரர் கண்ணால் வேண்டாம் என்றார். அதற்குள் அம்மா வந்து வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாளி போன பிறகு நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆவுடையப்பன் உட்கார்ந்தார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

ஒரு பக்கம் தலைவரின் முழங்கை இடித்தது. இன்னொரு பக்கம் பேச்சிமுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பரிமாறும்போது எல்லா இலையும் ஒரே மாதிரித்தான் தெரியும். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று தெரிகிறது. ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டார், அம்மா போட்டுக்கொண்டே இருந்தார். முருங்கைக்காயைச் சப்பி இலை ஓரத்தில் வைத்தார். மோர் ஓடியது.

"கறி ரொம்ப நல்லா இருக்கு" என்று தலைவர் இன்னொரு கை வாங்கிச் சாப்பிட்டார். பொய்யில்லை, விரலைக்கூட வழித்தார்.

பந்தி எழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து கேமராவைத் தூக்கினார்கள். தலைவர் சிரித்த முகத்தோடு வலது பக்கம் குனிந்தார்.

குனிந்தவர் கை பாதியில் நின்றது. இலையில் சப்பிய முருங்கைக்காய், கடித்த மிளகாய், மோர் ஊறிய பருக்கை. நிமிர்ந்து ஆவுடையப்பனை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இன்னும் ஒரு நொடி கொடுத்திருந்தால் எடுத்திருப்பாரோ என்னவோ, நான் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நொடியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

"தலைவரே, அடுத்த ஊருக்கு நேரமாச்சு" என்று கட்சிக்காரர் இலைக் கட்டிலிருந்து புது இலை ஒன்றை உருவி அவர் கையில் திணித்தார். கேமராக்கள் பளிச்சிட்டன. தலைவர் கும்பிட்டார், போனார். கார்கள் கிளம்பின. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. படத்தில் இருந்த இலையை முந்தின நாளே மடத்து வாசலில் மாடு தின்றுவிட்டது.

இப்படி ஒரு இலையைத் தானே ஒப்புக்கொண்டு போட்டு வைத்ததை நினைத்து ஆவுடையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் இலையைத் தானே எடுத்துவிடலாம் என்று குனிந்தார்.

"அது உங்க வேலை இல்ல, அண்ணாச்சி" என்றார் அம்மா. "உங்க வலது பக்கம் பாருங்க."

ஆவுடையப்பன் பேச்சிமுத்துவின் இலையை எடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அசைந்தார்கள். முதல் பந்திக்காரர் இலையை இரண்டாம் பந்திக்காரர் எடுத்தார், அவர் இலையை இவர் எடுத்தார். முகத்தை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் எடுத்தார்கள். பேச்சிமுத்துவும் தன் வலது பக்கத்து இலையை எடுத்துக் குழியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

கூடத்தில் இரண்டு இலை மிச்சம். ஒன்று தலைவருடையது. அதை எடுக்க வேண்டியவர் இசக்கியப்பன். இன்னொன்று ஆவுடையப்பனுடையது. அதை எடுக்க வேண்டியவர் காரில் போய்க்கொண்டிருந்தார்.

எல்லாரும் இசக்கியப்பனைப் பார்த்தார்கள். அவர் எடுக்காமல் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிலர் கை தட்டக்கூடச் செய்திருப்பார்கள். அவர் தலைவரின் இலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"பந்தியில உக்காந்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குனிந்து, மோர் சிந்தாமல் இரண்டு கையாலும் மடித்து, எடுத்தார்.

இப்போது ஒரே இலை. ஆவுடையப்பன் மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீர் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சிமுத்து மெல்ல நடந்து வந்தார். ஆவுடையப்பனின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சப்பிய முருங்கைக்காயை உள்ளே தள்ளி மடித்தார்.

"நீங்க எதுக்கு?" என்றார் ஆவுடையப்பன். "உங்க பங்கைத்தான் எடுத்தாச்சே."

"அவரு எங்காளு" என்றார் பேச்சிமுத்து. "அவரு விட்டுட்டுப் போனதை நாந்தான் எடுக்கணும்."

குழி மடத்துக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவில் இருக்கிறது. இசக்கியப்பன் இலையோடு முன்னால் போனார், பேச்சிமுத்து இலையோடு பின்னால் போனார். பேச்சிமுத்துவின் இலையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு ஆவுடையப்பனும் போனார். மூன்று இலையும் குழியில் விழுந்தன.

கை கழுவ ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. இசக்கியப்பன் மொண்டு ஊற்ற, பேச்சிமுத்து கையை நீட்டினார்.

"சந்தையிலயும் அவரு விட்டுட்டுப் போனது கெடக்கு" என்றார் இசக்கியப்பன்.

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வாய் திறக்கிறார் என்று ஆவுடையப்பன் பயந்தார்.

"நான் அவருக்குத்தாம் ஓட்டுப் போடுவேன்."

"நான் உங்கிட்ட ஓட்டா கேட்டேன்?"

செம்பை வாங்கிப் பேச்சிமுத்து மொண்டு ஊற்ற, இசக்கியப்பன் கை கழுவினார்.

"நல்லதம்பி இப்ப எங்க இருக்காரு?" என்றார் பேச்சிமுத்து.

கடை கலைந்த நாளிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"கிழக்க, மச்சினன் வீட்டுல. கை இன்னும் மடங்கல."

"நான் வந்தா பேசுவாரா?"

"தெரியலப்பா. வந்து பாரு."

"சந்தைக்குத் திரும்பி வரச் சொல்லணும். அவரு எடத்துல நான் கூட நிக்கேன். எவன் வாரான்னு பாப்போம்."

இசக்கியப்பன் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "தைக்க ரெண்டு சட்டை கெடக்கு. முடிச்சிட்டு வாரேன். சாயந்தரம் போவோம்."

பேச்சிமுத்து ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு துண்டின் மறு முனையை இசக்கியப்பனிடம் நீட்டினார்.

ஆவுடையப்பன் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது தரை துடைத்து ஈரமாக இருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, அந்தச் சுத்தமான எலைக்கு நாந்தான் சரின்னேன்."

"தெரியும். நீங்கதான் சொன்னியள்லா."

"ரெண்டு பந்தியும் நாந்தான் போட்டேன்."

"ம்."

பிறகு ஆவுடையப்பன் கேட்டார்.

"நான் அன்னைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே. உக்காந்தா சொல்லுதேன்னிய. இன்னைக்கு உக்காந்துட்டேன்."

"உங்க எலையை யாரு எடுத்தா?"

"பேச்சிமுத்து."

"பேச்சிமுத்து எலையை?"

"நான்."

"தலைவர் எலையை?"

"இசக்கியப்பன்."

அம்மா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"தரையில ஏதும் கெடக்கா?"

"இல்லம்மா."

"அப்ப பந்தி முடிஞ்சிட்டு" என்றார் அம்மா. "எனக்கு ஒரு எலை போடுங்க, அண்ணாச்சி. ரொம்பப் பசிக்கு."